வரைந்த கை யாருடையது? காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்களுக்கு ஒரு கேள்வி

மைத்தூரிகை:

நண்பர்களுக்கு வணக்கம். காமிக்ஸ் மாநாட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. இங்கே கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

அத்தனை கூட்டமும் கதாபாத்திரங்களுக்காகக் கூடியிருக்கிறது. முகமூடி, அங்கி, கேடயம், வாத்து மூக்கு. அதில் தப்பே இல்லை. என்னையும் முதலில் இழுத்தது அதுதான். ஆனால் அந்த முகமூடியை முதலில் வரைந்தவர் யார், பென்சில் கோட்டின் மேல் மை போட்டவர் யார், வசனப் பலூனுக்குள் எழுத்து எழுதியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

கார்ல் பார்க்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-லிருந்து 1966-ல் ஓய்வு பெறும் வரை டொனால்ட் டக் காமிக்ஸை வரைந்தவர், பெரும்பாலும் எழுதியவரும் அவரே. அங்கிள் ஸ்க்ரூஜை 1947-ல் உருவாக்கியதும் அவர்தான். ஆனால் இதழில் அச்சானது வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டும். பார்க்ஸ் என்று ஒருவர் இருப்பதே வாசகர்களுக்குத் தெரியாது.

ஆனாலும் சில பொடியன்கள் கவனித்துவிட்டார்கள். குறிப்பிட்ட சில கதைகளில் வாத்துகளின் கோபம் வேறு மாதிரி இருந்தது, மலையும் கப்பலும் பழைய கோட்டையும் நிஜம் போல இருந்தன, கடைசிப் பக்கம் கச்சிதமாக முடிந்தது. மற்ற கதைகளில் அது இல்லை. பெயர் தெரியாததால் அவரை "நல்ல வாத்து ஓவியர்" என்றே அழைத்தார்கள். தெரிந்தவர் ஒருவரை அவர் நடையை வைத்தே தூரத்தில் அடையாளம் கண்டுகொள்வோம் இல்லையா, அப்படி. 1960-ல் ஜான் ஸ்பைசர், பில் ஸ்பைசர் என்ற சகோதரர்கள் அவர் யார் என்று கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார்கள். அப்போது பார்க்ஸுக்கு ஏறக்குறைய 60 வயது. உலகமெங்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த கதைகளின் சொந்தக்காரர், தம் பெயர் தெரிந்த ரசிகர்களை அந்த வயதில்தான் பார்க்கத் தொடங்கினார்.

எந்த நிறுவனமும் அவரை அறிமுகப்படுத்தவில்லை. ரசிகர்களின் கண்தான் கண்டுபிடித்தது. அதனால் என் கருத்து இது: ஒரு ரசிகரின் ஆர்வம் முற்றினால் அது கதாபாத்திரத்தைத் தாண்டி, வரைந்த கையைத் தேடிப் போகும், போகவும் வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய இதழ்:

நல்ல இழை, மைத்தூரிகை. எனக்கு உடனே நினைவுக்கு வருவது இரும்புக்கை மாயாவி. தமிழில் காமிக்ஸ் படித்தவர்களில் அவரைத் தெரியாதவர் குறைவு. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அந்தக் கட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை வரைந்தவர் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர். 1962-ல் பிரிட்டனில் வேலியன்ட் வார இதழ் தொடங்கியபோது வந்த தொடர் அது. பக்கங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். கறுப்பைக் கொட்டிக் கொட்டி வைத்திருப்பார், நிழலுக்குள்ளிருந்து முகம் பாதி மட்டும் வெளியே வரும். அந்தப் பயம் கதையில் இருந்ததைவிட மையில் அதிகம் இருந்தது.

பிரிட்டிஷ் வார இதழ்களில் அந்தக் காலத்தில் படைப்பாளிகள் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. ஓவியர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் வெள்ளை பூசி அழித்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். டட்லி வாட்கின்ஸ் போன்ற மிகச் சிலருக்குத்தான் கையெழுத்துப் போட அனுமதி கிடைத்தது.

இதை உடைத்தது 1977-ல் தொடங்கிய 2000 ஏடி என்ற பிரிட்டிஷ் வார இதழ். அங்கே கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல், மேலிடத்தில் அனுமதி வாங்காமலேயே ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் கதை எழுதியவர், வரைந்தவர், பலூனில் எழுத்துப் போடும் எழுத்துக்காரர் பெயர்களைச் சின்னப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அந்தப் பெட்டி வந்த பிறகு வாசகர்கள் ஓவியரின் பெயரைச் சொல்லியே கதை கேட்க ஆரம்பித்தார்கள். ஓ'நீல் வரைந்த பக்கங்களுக்காக மட்டுமல்ல, இந்த ஒரு காரியத்துக்காகவும் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான்காம் கட்டம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கதை படிக்கும்போது வரைந்தவர் ஞாபகமே வரக்கூடாது. வந்தால் கதை தோற்றுவிட்டது என்று அர்த்தம். பத்து வயதில் ஒரு பக்கத்தைத் திருப்பும்போது நமக்கு இருந்தது ஒரே கவலை: அடுத்த கட்டத்தில் அவன் பிழைப்பானா, மாட்டானா? அந்த வேகம்தான் காமிக்ஸின் உயிர். "ஆஹா, இந்த நிழலைப் பார்" என்று நின்று ரசிப்பது இரண்டாவது வாசிப்பின் வேலை. அதையே முதல் ரசனை என்று வைத்துவிட்டால், சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு ஏதோ குறைந்த வாசிப்பு என்று ஆகிவிடும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. பெரிய கதாபாத்திரங்களுக்கு ஒரு கை கிடையாது. 80 வருடமாக ஓடும் ஒரு நாயகனை எத்தனை பேர் எழுதி, எத்தனை பேர் வரைந்திருப்பார்கள்! நான் அந்த நாயகனுக்கு ரசிகன். யாரோ ஒருவருக்கு மட்டும் ரசிகனாக இருந்தால் மற்ற அத்தனை பேரையும் விட்டவன் ஆகிவிடுவேன்.

மைத்தூரிகை:

நண்பரே, சின்ன வயது வாசிப்பு குறைந்தது என்று நான் சொல்லவே இல்லை. பார்க்ஸைக் கண்டுபிடித்தது யார்? அந்தச் சின்னப் பிள்ளைகள்தானே. அவர்கள் கதையின் வேகத்தில் போய்க்கொண்டே, "இது அவர் வரைந்தது, இது அவர் வரைந்ததில்லை" என்று பிரித்தும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வாசிப்பில் நடக்கும்.

செல்ஷீட்:

கார்ட்டூன் பக்கமிருந்து நானும் வருகிறேன்.

வார்னர் பிரதர்ஸின் பழைய குறும்படங்களில் தலைப்பு அட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? 1940-களின் நடுப்பகுதி வரை ஒரு படத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு அனிமேட்டர் பெயர்தான் இருக்கும். உண்மையில் நான்கைந்து பேர் வேலை செய்திருப்பார்கள். முறை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் பெயரைப் போடுவார்கள். அதனால் அட்டையில் பெயர் உள்ளவர் அந்தப் படத்தில் எந்தக் காட்சியைச் செய்தார் என்பது அட்டையைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

குரல் கதை இன்னும் மோசம். குரல் நடிகர் மெல் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டபோது மறுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாகத் திரையில் பெயர் போடச் சொன்னேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1944 வாக்கில் அவர் பெயர் வந்தது. அவர் பெயர் மட்டும்! எல்மர் ஃபட் பேசுவது ஆர்தர் கியூ. பிரையன் குரலில். அவருக்குப் பெயர் இல்லை. ட்வீட்டியின் பாட்டிக்கு முதலில் பேசியவர் பியா பெனடரெட், அப்புறம் ஜூன் ஃபோரே. அவர்களுக்கும் திரையில் இடம் இல்லை. "எல்லாக் குரலும் ஒரே ஆள்தானாம்" என்று இன்றைக்கும் பலர் நம்புவதற்குக் காரணம் அந்த அட்டைதான்.

இதையெல்லாம் பிரித்துச் சொன்னது மறுபடியும் ரசிகர்கள். படத்தைப் பிரேம் பிரேமாக நிறுத்தி, வாய் அசையும் விதம், விரல் விரியும் விதம், தலை திரும்பும்போது முகம் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்து, இந்த 20 நொடி ராட் ஸ்க்ரிப்னர், அடுத்தது ராபர்ட் மெக்கிம்சன் என்று பிரித்தார்கள். மைக்கேல் பேரியர் 1966-ல் தொடங்கிய ஃபன்னிவேர்ல்ட் முதலில் ரசிகர்களுக்குள் சுற்றிய சின்ன இதழ். பிறகு அதில் அந்தக் கலைஞர்களின் நேர்காணல்கள் வரத் தொடங்கின. அவர்கள் உயிரோடு இருந்தபோதே போய்க் கேட்டதால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது. பத்து வருடம் தாமதித்திருந்தால் பாதி போயிருக்கும்.

நான்காம் கட்டம் சொன்ன வேகத்துக்கும் ஒரு பதில். ஸ்க்ரிப்னர் செய்த காட்சி வரும்போது எனக்கு யார் என்று தெரியாத வயதிலேயே சிரிப்பு அதிகம் வந்தது. பெயர் பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரிந்ததால் சிரிப்பு குறையவில்லை.

பலூன் ரசிகை:

எல்லோரும் வரைந்தவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்துக்காரரை விட்டுவிட்டீர்களே!

கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு பலூனையும் ஒருவர் கையால் எழுதினார். கோடு போட்டு, பேனாவை மாற்றி மாற்றி, சத்தமான சொல்லைத் தடிமனாக்கி, ரகசியத்தைச் சின்ன எழுத்தில் வைத்து. அவர் வேலை எழுதுவதோடு முடியாது. பலூனை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய வேலை. முதல் பலூன் இடது மேல் மூலை, அடுத்தது கொஞ்சம் கீழே வலது, அதன் வால் காட்டும் இடத்தில் நாயகன் முகம். கண் தானாக அந்த வழியே இறங்கும். பலூன் தவறான இடத்தில் இருந்தால் பதில் முதலில், கேள்வி பிறகு என்று படித்துக் குழம்புவோம். நான்காம் கட்டம் சார் சொன்ன அந்த வேகம் இருக்கிறதே, அதில் பாதி எழுத்துக்காரர் கொடுத்தது.

ஐரா ஷ்னாப் என்று ஒருவர். டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் இதழ்த் தலைப்பெழுத்துகளில் எத்தனையோ அவர் கையில் உருவானவை. சூப்பர்மேன் தலைப்பை 1940-ல் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு நெருக்கமாகச் செம்மைப்படுத்தியவர். உலகில் அந்த எழுத்தைப் பார்க்காதவர் இருப்பார்களா? அவர் பெயர் இதழில் வந்ததில்லை. பின்னாளில் டாட் க்ளைன் என்ற இன்னொரு எழுத்துக்காரர்தான் பழைய இதழ்களைப் புரட்டி, எழுத்து வடிவத்தை ஒப்பிட்டு, ஷ்னாப்பின் வேலைகளைப் பட்டியலிட்டார். க்ளைனும் ரசிகராக இருந்து தொழிலுக்கு வந்தவர்.

மார்வெல் 1960-களில் எழுத்துக்காரர் பெயரையும் முதல் பக்கத்தில் போட்டது. சாம் ரோசன், ஆர்ட்டி சைமெக் பெயர்கள் எனக்கு அப்படித்தான் பழக்கம். வண்ணம் தீட்டியவர்களுக்கு அந்த இடம் கிடைக்க 1970-கள் வரை ஆனது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்து ஜோ சின்னாட் மை போட்ட ஒரு பக்கம், அதே கிர்பிக்கு வின்ஸ் கோலெட்டா மை போட்ட ஒரு பக்கம், இரண்டையும் அருகருகே வையுங்கள். சின்னாட்டின் கோடு வழவழப்பாக, உலோகம் பளபளக்கும். கோலெட்டாவின் கோடு மெலிந்து கீறல் கீறலாக இருக்கும். காலக்கெடு நெருங்கினால் கிர்பி பின்னணியில் வரைந்திருந்த ஆட்களையே அழித்துவிடுவார், அல்லது வெறும் கறுப்பு உருவமாக்கிவிடுவார். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். மை போடுவது என்றால் பென்சில் மேல் அப்படியே இழுப்பதுதானே என்று அப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்காம் கட்டம்:

பலூன் ரசிகை சொன்ன பலூன் வழி எனக்குப் புதிய விஷயம். இன்றைக்கே ஒரு இதழை எடுத்து அந்தக் கண்ணோடு பார்க்கப் போகிறேன்.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பேட்மேனை எடுத்துக்கொள்வோம். அவர் யாருடையவர்?

பழைய இதழ்:

அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேட்மேன் 1939-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் வந்தார். அப்போதிலிருந்து போட்ட பெயர் பாப் கேன். ஒப்பந்தமே அப்படி. ஆனால் அந்த முதல் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். கேன் முதலில் வரைந்து காட்டியது சிவப்பு உடையும் விறைப்பான இறக்கைகளும் கொண்ட உருவம். அதை மாற்றி, காதுள்ள முகமூடி, அங்கி, இருண்ட நிறம் என்று யோசனை சொன்னவர் ஃபிங்கர். முகமூடிக்குப் பின்னால் இருப்பவனுக்கு ப்ரூஸ் வேய்ன் என்ற பெயர் அவர் வைத்தது. காதம் நகரத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. இத்தனையும் செய்தவர் கூலிக்கு எழுதினார், பெயர் இல்லாமல்.

இது வெளியே வந்தது எங்கே தெரியுமா? ஒரு ரசிகர் மாநாட்டில். 1965-ல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டு மேடையில் ஃபிங்கர் பேசினார். ஜெர்ரி பெயில்ஸ் என்ற ரசிகர் அவரிடம் பேசி, பேட்மேன் உருவாக்கத்தில் அவர் பங்கு என்ன என்பதை ரசிகர்களுக்குள் சுற்றும் இதழில் எழுதினார். பெயில்ஸ் 1961-லேயே ஆல்டர் ஈகோ என்ற ரசிகர் இதழைத் தொடங்கியவர். கட்டுரையைப் பார்த்ததும் பாப் கேன் கோபமாக நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார், அதுவும் ஒரு ரசிகர் இதழுக்கு. யோசித்துப் பாருங்கள், ஒரு பெரிய நாயகனின் பிறப்பைப் பற்றிய வழக்கு மொத்தமும் அன்று ரசிகர்களின் சின்ன இதழ்களில்தான் நடந்தது.

ஃபிங்கர் 1974-ல் காலமானார். பெயர் வரவில்லை. 1989-ல் வெளியான தம் சுயசரிதையில் கேனே, அவருக்கு உரிய பெயரைக் கொடுத்திருக்க வேண்டும் என்று வருந்தி எழுதினார். பிறகு மார்க் டைலர் நோபில்மன் என்ற எழுத்தாளர் விடாமல் தேடி, ஃபிங்கரின் பேத்தி அதீனாவைக் கண்டுபிடித்தார். குடும்பம் உரிமை கேட்டது. 2015-ல்தான் அதிகாரபூர்வமாக "பில் ஃபிங்கருடன் சேர்ந்து பாப் கேன் உருவாக்கியது" என்ற வரி வந்தது. 1939-க்கும் 2015-க்கும் இடையே 76 வருடம்.

இப்போது உங்கள் கேள்வி. பேட்மேனைப் பல கைகள் செய்தன, சரி. அதனால்தான் கைகளை எண்ண வேண்டும் என்கிறேன். "எல்லோருடையதும்" என்று விட்டுவிட்டால் கடைசியில் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருடையது என்று ஆகிவிடும்.

சூப்பர்மேன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் முதலில் ரசிகர்கள். 1933-ல் சொந்தமாக ஒரு அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் நடத்தியவர்கள். 1938-ல் 130 டாலருக்குச் சூப்பர்மேன் உரிமை போனது. 1975-ல் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற கலைஞர்கள் முன்னின்று பத்திரிகைகளில் பேசிய பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும், கதைகளில் பெயரும் கிடைத்தன. அந்த ராபின்சனின் முயற்சியில்தான் சான் டியேகோ காமிக்-கானில் 2005-லிருந்து பில் ஃபிங்கர் விருது கொடுக்கிறார்கள். உரிய அங்கீகாரம் கிடைக்காத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான விருது.

கத்தரிநூல்:

நான் காஸ்ப்ளே ஆள், அதாவது கதாபாத்திரங்களின் உடையைத் தைத்துப் போட்டுக்கொள்பவர். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஆனால் மைத்தூரிகையின் முதல் பதிவில் முகமூடியும் அங்கியும் ஒரு பக்கம், வரைந்த கை இன்னொரு பக்கம் என்று நிற்பது போல இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஒரு உடையைத் தைக்க உட்கார்ந்தால் ஓவியரை நெருக்கமாகப் பார்க்காமல் முடியாது. அங்கி தோளில் எங்கே சேர்கிறது? காகிதத்தில் ஒரு கோடு அவ்வளவுதான். நிஜத் துணியில் அது மடிப்பா, ஊக்கா, தையலா? அதே நாயகனின் அங்கியை ஒரு ஓவியர் கனமான கம்பளியாக வரைவார், இன்னொருவர் காற்றில் பறக்கும் பட்டாக வரைவார். எந்த ஓவியரின் அங்கி என்று முடிவு செய்யாமல் துணியே வாங்க முடியாது. நாங்களும் வரைந்த கையைத்தான் படிக்கிறோம், ஊசியால்.

இன்னொரு விஷயம். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால உடை அணிந்து வந்தார், காஸ்ப்ளேயின் தொடக்கம் அது என்று எல்லா இடத்திலும் படம் போடுவார்கள். அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் மர்டில் டக்ளஸ். மொரோஜோ என்ற பெயரில் ரசிகர் இதழ் நடத்தியவர். அவரும் தாம் தைத்த உடையில்தான் அங்கே வந்தார். உடைக்கு முன்மாதிரிகளில் ஒன்று ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியர் அட்டைப்படங்களில் வரைந்த எதிர்கால மனிதர்கள். அந்த பால்தான் அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினர்! தாம் காகிதத்தில் வரைந்ததைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் எதிரே நடந்து வருவதை அவர் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

எனவே பட்டியலில் மொரோஜோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைத்தூரிகை:

சேர்த்தாயிற்று, கத்தரிநூல். எந்த ஓவியரின் அங்கி என்று முடிவு செய்யாமல் துணி வாங்க முடியாது என்றீர்களே, அதை நான் இதுவரை யோசித்ததே இல்லை. உங்கள் கடைசி உடையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் படிப்பேன்.

முதல் வரிசை:

எல்லாம் சரி அண்ணா, ஆனால் இப்போதைய மாநாடுகளில் காமிக்ஸ் எங்கே இருக்கிறது? பெரிய அரங்கில் திரைப்பட முன்னோட்டம், நட்சத்திரங்கள், அதற்கு விடிய விடிய வரிசை. ஒரு பெரிய மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. போனால் அந்த வரிசையிலேயே நாள் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பழைய இதழ்:

தம்பி, பெரிய அரங்கு வரிசையில் நிற்பது தப்பில்லை, ஒரு நாள் நில்லுங்கள். ஆனால் மறுநாள் நேராக ஓவியர் வரிசைக்குப் போங்கள். ஆர்டிஸ்ட் ஆலி என்று பலகை இருக்கும். சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றின் பின்னும் வரைந்த ஆளே உட்கார்ந்திருப்பார். 1970-ல் சான் டியேகோ மாநாடு தொடங்கியபோது மொத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மார்ச்சில் ஒரு நாள் ஒத்திகை, ஆகஸ்டில் மூன்று நாள் மாநாடு, வந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். ஜாக் கிர்பியும் ரே பிராட்பரியும் விருந்தினர்கள். இன்று 1,30,000-க்கும் மேல் வருகிறார்கள். கூட்டம் வளர்ந்தது, மேசைகள் ஓரத்துக்குப் போயின, ஆனால் இருக்கின்றன.

மேசை முன் நின்றதும் என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். "உங்கள் ரசிகன்" என்பதோடு நிறுத்தாமல், பிடித்த ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள். "அந்த மழைக் காட்சியில் வசனமே இல்லாமல் ஆறு கட்டம் வைத்தீர்களே" என்றால் போதும், அவர் முகம் மாறிவிடும்.

மாநாட்டால் ஓவியர்களுக்கும் வாழ்க்கை மாறியிருக்கிறது. டான் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியர் ட்ரிகன் எம்பயர் தொடரைப் பத்தாண்டுக்கும் மேல் வரைந்தவர். 1976-ல் லண்டனில் நடந்த ஒரு காமிக்ஸ் மாநாட்டில்தான், தம் பக்கங்கள் ஐரோப்பா முழுக்க மறுபதிப்பாக விற்றுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு காசு வரவில்லை. தொடரை விட்டார். டச்சுப் பதிப்பாளர் ஒருவர் அழைக்க, ஸ்டார்ம் தொடர் பிறந்தது. அந்த வண்ணப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன ஒரு கை!

செல்ஷீட்:

ஜப்பானின் காமிக் மார்க்கெட்டையும் சொல்ல வேண்டும். 1975 டிசம்பர் 21 அன்று 32 குழுக்களோடு தொடங்கியது, வந்தவர்கள் 700 பேர் அளவில். இப்போது லட்சக்கணக்கில். அங்கே ரசிகர்களே வரைந்து அச்சிட்ட இதழ்களைத்தான் மேசைகளில் வைத்திருப்பார்கள். அவர்கள் கொள்கையில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், வேலை செய்பவர் எல்லோரும் பங்கேற்பாளர்கள். மேசையைத் துடைப்பதிலிருந்து வரிசையை ஒழுங்குபடுத்துவது வரை தன்னார்வலர்கள் செய்கிறார்கள். மங்கா வரையும் கிளாம்ப் குழுவினர் அந்த மாதிரிச் சொந்த இதழ்களிலிருந்து வந்தவர்கள்தான்.

அனிமே ரசிகர்கள் கார்ட்டூன் ரசிகர்களையும் மிஞ்சிவிட்டார்கள். யோஷினோரி கனடா என்ற அனிமேட்டர் செய்த காட்சிகளில் ஒளிக்கீற்று கோணல் மாணலாக உடைந்து பாயும், உருவம் வளைந்து நெளியும். யுடாகா நகமுரா செய்த சண்டையில் இடிபாடுகள் சதுரக் கட்டிகளாகச் சிதறும். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் முக்கிய அனிமேட்டர்கள் இருபது பேர் இருப்பார்கள், யார் எந்த நொடியைச் செய்தார்கள் என்று இருக்காது. ரசிகர்கள் காட்சியை வெட்டி, பெயர் ஒட்டி, ஒருவருக்கொருவர் திருத்தி, பெரிய தொகுப்பே செய்து வைத்திருக்கிறார்கள்.

நான்காம் கட்டம்:

நிறையத் தெரிந்துகொண்டேன், ஃபிங்கர் விஷயத்தில் பழைய இதழ் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஒரு கவலை மட்டும் பாக்கி இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

இந்தப் பெயர் அறிவை ஒரு பரீட்சையாக மாற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பெண், ஒரு நாயகனின் படம் போட்ட சட்டையோடு வந்தால், "இந்த இதழுக்கு மை போட்டது யார், சொல் பார்க்கலாம்" என்று கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் போலி ரசிகை. திரைப்படம் பார்த்து வந்தவர்களையும் அப்படியே விரட்டுவார்கள். பெயரைத் தேடிய ரசிகர்கள் கதவைத் திறந்தார்கள், இவர்கள் அதே பெயரை வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான் கதாபாத்திரத்தை மட்டும் நேசிக்கும் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நிற்பேன்.

பலூன் ரசிகை:

நூற்றுக்கு நூறு உங்களோடு இருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பதில் தெரிந்தே இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை, அங்கிருந்து வந்துவிட்டேன்.

தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கேட்டு மடக்கக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் டிசியின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வாசகர் கடிதப் பகுதியில் முழு முகவரியையும் அச்சிட்டார். அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராகத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள், பழைய இதழ்களைக் கைமாற்றினார்கள், ரசிகர் இதழ்கள் பெருகின. ஷ்வார்ட்ஸும் 1930-களில் ரசிகர் இதழ் நடத்திய ஆள், அதனால்தான் அதன் அருமை தெரிந்திருந்தது. அந்தக் கடிதப் பகுதியில் யாரும் யாரையும் பரீட்சை வைத்துச் சேர்க்கவில்லை.

பெயில்ஸும் ஹேம்ஸ் வேரும் 1970-களில் அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர்களின் விவரத் தொகுப்பை நான்கு பகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்குக் கடிதம் போட்டு, "நீங்கள் எதை எதை வரைந்தீர்கள்?" என்று கேட்டுத் தொகுத்தது. இன்று இணையத்தில் இருக்கும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் போன்றவை அந்த உழைப்பின் மேல் நிற்கின்றன. யாரும் தேடிப் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம்.

முதல் வரிசை:

அப்படியென்றால் இந்த இழையையே ஒரு தொகுப்பாக மாற்றலாமே! ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த, பெயர் தெரியாமல் போன ஒருவரைப் பற்றி எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் அவரை அடையாளம் காணலாம் என்றும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவர் இன்னும் யாரும் இல்லை, ஆனால் நீங்கள் சொல்வதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு வந்து எழுதுவேன்.

மைத்தூரிகை:

நல்ல யோசனை, முதல் வரிசை. நானே தொடங்குகிறேன்.

ஃபிளாய்ட் காட்ஃப்ரெட்சன். மிக்கி மவுஸ் நாளிதழ்த் தொடரை 1930 மே மாதம் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டவர், 1975-ல் ஓய்வு பெறும் வரை வரைந்தார். 45 வருடம். கீழே கையெழுத்து: வால்ட் டிஸ்னி. அவரையும் 1960-களில் ரசிகர்கள்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1930-களின் சாகசத் தொடர்களை எடுங்கள். மிக்கி எப்போதும் முன்னால் சாய்ந்து ஓடுவார், குதிகால் தரையில் படாது. தொப்பி பறக்கும், வியர்வைத் துளி தெறிக்கும், ஒரே கட்டத்துக்குள் மூன்று வேலை நடக்கும். நிற்கும்போதுகூட முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அடுத்த நொடி பாயப் போகிறவர் மாதிரி. அந்தச் சாய்வைப் பார்த்தால் அவர்தான்.

அடுத்தது பழைய இதழ் எழுதட்டும். பிளாஸ்கோவின் கறுப்பைப் பற்றி இன்னும் விரிவாக வேண்டும்.